பேரு வெட்டின தூக்குச்சட்டி

கொஞ்சம் அந்தாண்ட நவுந்து உக்காரு கண்ணு. இந்தத் தூக்குச்சட்டியக் கீழ வெக்க முடியாது. இவன் போடற பிரேக்குக்கு அவ்ளோவும் கொட்டிப் பூடும். காஞ்சிபுரம் போற வரைக்கும் மடியிலயேதான் வெச்சிக்கினு போவணும். உம் மூஞ்சியப் பாத்தாலே நல்ல குடும்பத்துப் புள்ளன்னு தெரிஞ்சிச்சி. அதான் பின்னால எடம் காலியா இருந்தும் உம் பக்கத்துல வந்து குந்தினேன்.

வாசன வருதா? கூழு. கேவுரு கூழு. எம் பொண்ணு மேகலாவக் காஞ்சிபுரத்துலதான் குடுத்திருக்குது. மாசமா இருக்கறா. மசக்க. ஒரு வாய் சோறு உள்ள தங்க மாட்டேங்குது, கூழு கூழுன்னு உசுர உடறா. அதான் எடுத்துக்கினு போறேன். எங்க வூட்டுக் கூழுன்னா சும்மா இல்ல. கீழ்நெல்லிமேட்டுல போயி தர்மகர்த்தா ஏகாம்பரம் பொண்டாட்டி ராசகுமாரி யாருன்னு கேட்டுப் பாரு. ஆடித் திருவிழாவுக்கு மாரியாத்தா கோயில் கொப்பரையில மொதப் பானை ஊத்தறவ நான். எம் மாமியாரு கையிலருந்து எங் கைக்கு வந்த மரியாத அது. வேற ஒரு கை அதுல பட்டது கெடையாது.

நீ போன்ல ஏதோ பாத்துக்கினு இருந்தியே, அந்த மாதிரி ஒரு போன்லதான் போன வருஷம் எங்க ஊரு வந்துச்சி. கலர் கலராப் படம் போட்ட மண்பானையத் தலையில வெச்சிக்கினு பொம்பளைங்க வரிசையாப் போவாங்க. முன்னால பம்பைக்காரன் ஆடிக்கினு போவான். பாத்திருக்கியா? அதுல முதல்ல மஞ்சப் பொடவ கட்டிக்கினு போறது நாந்தான். உருவம் கொஞ்சம் குண்டாத் தெரியும். போன்ல அப்பிடித் தெரியுது.

அதுக்கு மேல "நம்ம சோறு, நம்ம வேரு"ன்னு எழுதி வெச்சவ எம் மருமவ. அவளாலதான் இன்னிக்கி நான் இந்த டப்பா பஸ்ஸுல சட்டியக் கட்டிப் புடிச்சிக்கினு உக்காந்திருக்கேன்.

பேரு தேன்மொழி. வாயத் தொறந்தா வேப்பெண்ண. அரக்கோணத்துக்காரி. நம்ம ஆளுங்கதான், அதுல ஒண்ணும் கொற இல்ல, விசாரிச்சுதான் கட்டினோம். எம் மவன் லோகநாதன் ஆசப்பட்டான், சரி ஒழிஞ்சு போன்னு உட்டோம். அவ படிச்சது இன்னா தெரியுமா? படம் வரையறதுக்கு. நீயே சொல்லு, படம் வரையறதுக்கு ஒரு படிப்பா? கரித்துண்ட எடுத்து செவுத்துல கிறுக்காத புள்ள எந்த ஊருல இருக்குது? அதுக்குப் போயி மெட்ராசுல வருஷக்கணக்கா ஆஸ்டல்ல இருந்திருக்கா. இப்ப செய்யாறுல ஒரு பள்ளிக்கூடத்துல டிராயிங் டீச்சரு. பசங்களுக்கு மாங்கா வரையக் கத்துக் குடுக்கறதுக்கு சம்பளம். நாட்டுல பணம் மரத்துல காய்க்குது.

போன வருஷம் ஆடி பொறக்கப் போற நேரத்துல எங்கிட்ட வந்து குந்தினா. அத்த, கூழு நம்ம வேரு, அதக் கொண்டாடணும் அத்தன்னா. வேராம். கேவுருக்கு வேரு இருக்குது, கோரப்புல்லுக்கு வேரு இருக்குது, கூழுக்கு ஏதும்மா வேருன்னேன். சிரிக்கறா. படிச்சதுங்களுக்குப் பதில் தெரியலன்னா சிரிச்சிடும்ங்க.

இன்னா பண்ணணுமாம்னா, இந்த வருஷம் எவர்சில்வர் தவலை வேணாமாம். மண்பானைதானாம். அதுல ஊருப் பசங்க படம் போடுமாம். எங்க ஊருல கூழு எடுத்துக்கினு போற தவலையில பேரு வெட்டியிருக்கும் கண்ணு. யாரு வூட்டுத் தவலை, யாரு வாங்கிக் குடுத்தது, எந்தக் கல்யாணத்துக்கு வந்தது, எல்லாம் அதுல இருக்கும். பேரு வெட்டாத பாத்திரத்த எங்க வூட்டுல நாயிக்குக் கூட வெக்க மாட்டோம். தோ பாரு, இந்தத் தூக்குச்சட்டியில கூட. ஏ. ராசகுமாரி. படிக்க முடியுதா? மூடியிலயும் இருக்குது. அந்தப் பேர வுட்டுட்டு, சூளையில ஒரே மாதிரி வெந்த பானையத் தூக்கிக்கினு போவணுமாம். அப்ப மனுஷனுக்கு மனுஷன் இன்னா வித்தியாசம்?

ஊருல எவளும் ஒத்துக்க மாட்டான்னு நெனச்சேன். எல்லாளும் ஒத்துக்கினாளுங்க. போட்டோ புடிப்பாங்கன்னு யாரோ சொல்லிட்டாங்க, அவ்ளோதான். எதுத்த வூட்டு விருத்தாம்பா அன்னிக்கே போயி புதுப் பொடவ எடுத்துக்கினு வந்துட்டா. அவளுக்குக் கொடி புடிச்ச ஊர்வலம் போனாலும் முன்னால நிக்கணும். எங்க மொதப் பானை மேல அவளுக்கு ரொம்ப நாளாக் கண்ணு.

ஒண்ணு சொல்லிடறேன், அப்பதான் உனக்குப் புரியும். எங்க கொப்பரையில ஊர்த்தெரு பானைங்கதான் ஊத்தும். காலனிக்காரங்களுக்குத் தனியா ஒரு அண்டா. ஏரிக்கரை ஓரமா ஒரு புங்க மரம் இருக்குது, அதுக்குக் கீழ வெச்சிருப்பாங்க. அவங்க கூழ அதுல ஊத்திக்குவாங்க. பூசாரி தள்ளி நின்னு வேப்பலத் தண்ணி தெளிச்சிட்டு வந்துடுவாரு. எங்க கூழ அவங்க வாங்கிக் குடிக்கலாம், யாரும் வேணாங்கல, போதும் போதும்னு ஊத்துவோம். அவங்க கூழு எங்க கொப்பரைக்கு வரக்கூடாது. அவ்ளோதான். இதுல இன்னா கொற? எல்லாருக்கும்தான் வயிறு நெறையுது.

படம் போடறது மட்டும் பள்ளிக்கூடத்து வாசல்ல ஒண்ணாதான் நடந்துச்சி. பள்ளிக்கூடம் கவர்மெண்டு, அங்க எல்லாப் புள்ளையும் ஒண்ணாதான குந்துது. பஞ்சம் வந்தப்ப அந்தந்த வூட்டுக்காரங்க உசுரக் காப்பாத்தினது எதுவோ, அதத்தான் அவங்க வூட்டுப் பானையில வரையணும்னு பசங்களுக்கு வேலை குடுத்துட்டா எம் மருமவ. வூடு வூடா வந்து கேட்டுக்கினு போச்சிங்க. ஒரு பானையில முருங்க மரம். ஒண்ணுல பனங்கெழங்கு. விருத்தாம்பா வூட்டுக்கு வெள்ளாடு. பஞ்சத்த ஏன்டி தோண்டி எடுக்கறீங்க, நல்லா வாழ்ந்தது ஒண்ணும் ஞாபகம் வரலியான்னு கேட்டேன். அதுக்கும் சிரிப்பு.

திருவிழா அன்னிக்கி விடியக்காலையில கூழ அடுப்புல வெச்சிக் கிண்டிட்டு, நெருப்ப அடக்கிட்டு, எம் பானைய எடுத்தார ரெண்டு வூடு தள்ளி இருக்கற பள்ளிக்கூடத்துக்குப் போனேன். போயிப் பாத்தா நண்டு. தர்மகர்த்தா வூட்டுப் பானையில நண்டு போட்டு வெச்சிருக்குதுங்க. கொடுக்கத் தூக்கிக்கினு ரெண்டு கண்ணும் முழிச்சிக்கினு நிக்குது. இன்னாடி இதுன்னா, மாமாதான் பசங்களுக்குச் சொன்னாரு, பஞ்சத்துல அவங்க அப்பா வயக்காட்டுல நண்டு புடிச்சாந்துதான் ஆறு புள்ளைங்கள வளத்தாருன்னு, அப்பிடிங்கறா. இந்த மனுஷனுக்குச் சொல்றதுக்கு வேற ஒண்ணும் கெடைக்கல. நண்டு புடிச்சாங்களா, புடிச்சாங்க, அத ஊரு முச்சூடும் தலையில தூக்கிக் காட்டணுமா? எனக்கு மயிலு வேணும், இல்ல தாமர வேணும், நண்ட அழின்னேன். இப்ப அழிச்சா பெயிண்டு காயாது அத்தன்னா. வரைஞ்ச புள்ள அழுவுது. விருத்தாம்பா வாயில முந்தானைய வெச்சிக்கினு நிக்கறா. நானும் உடல. யாரு உடுவாங்க?

அப்பதான் வாசன வந்துச்சி. கூழு அடிபிடிச்சா எப்பிடி நாறும் தெரியுமா உனக்கு? தெரியாதா? அப்ப நீ கூழு கிண்டினதே இல்ல. ஓடிப் போயிப் பாத்தா அடியோட கருகிக் கெடக்குது. வாயில வெக்க முடியாது. தெருமுனையில பம்பை சத்தம் கேட்டுச்சி. மொதப் பானையக் கூட்டிக்கினு போவ எங்க வூட்டுக்குதான் வராங்க. பானை இல்லன்னு சொன்னா அடுத்தது விருத்தாம்பா வூட்டுக்குப் பூடும். ஒரு தடவ போனா திரும்பி வராது கண்ணு. மரியாத ஒரு வூட்டுல கால நீட்டிப் படுத்துட்டா அப்பறம் எழுந்திரிக்காது.

எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. அழுதுட்டேன். ஆமா, அழுதேன். பின்னாலயே ஓடியாந்த தேன்மொழி அந்த நண்டுப் பானைய எடுத்துக்கினு பின்வாசல் வழியாப் போனா. திரும்பி வரப்ப ஒரு பானை நெறையக் கூழு. யாரு வூட்டுதுன்னு நான் கேக்கல. ஆபத்துக்குப் பாவமில்ல. பின்பக்கம் பங்காளி வூடு இருக்குது, அங்கருந்துதான் எடுத்தாந்திருப்பான்னு நெனச்சிக்கினேன். மஞ்சத் துணியப் போட்டு மூடி, சுத்தி வேப்பல சொருவி, அவளே எந் தலையில தூக்கி வெச்சா. வாசல்ல பம்பைக்காரன் வந்து நின்னான். நான் ஒண்ணும் நடக்காத மாதிரி நடந்தேன். அதத்தான் நீங்கள்லாம் போன்ல பாத்தது.

கொப்பரையில ஊத்தினேன். வழக்கப்படி மொதப் பானை ஊத்தின கையோட பூசாரி ஒரு சொம்பு மொண்டு குடிச்சிப் பாப்பாரு. குடிச்சாரு. கண்ண மூடிக்கினாரு. தாயே, இந்த மாதிரி கூழு இந்தக் கொப்பரையில உழுந்ததே இல்லன்னாரு. எங்க வூட்டுக்காரரு மூணு சொம்பு குடிச்சாரு. குடிச்சிட்டு எல்லாரு முன்னாலயும், ராசகுமாரி, உங் கைக்குக் காப்புதான் போடணும்னாரு. அந்த மனுஷன் வாயிலருந்து ஒரு நல்ல வார்த்த வந்து நான் கேட்டது அன்னிக்குதான். உப்பு ஜாஸ்தி, புளி கம்மி, இதத்தான் இவ்ளோ நாளாக் கேட்டுக்கினு இருந்தேன். பந்தல் மூலையில போயி நின்னு கண்ணத் தொடச்சிக்கினேன். சாயங்காலம் பாத்தா மழ. எப்பிடிப்பட்ட மழ. ஏரி ரொம்பிடுச்சி. தர்மகர்த்தா வூட்டு மொதப் பானைக்குப் பெஞ்ச மழன்னு இன்னிக்கும் ஊருல சொல்றாங்க.

மறுநாள் பானையக் கழுவ உக்காந்தேன். துணிய எடுத்து வேப்பலைய உருவினா படம் தெரியுது. ஒரு புங்க மரம். அதுக்குக் கீழ ஒரு அண்டா. சுத்தி ஜனங்க. எங்க நண்டு இல்ல.

கூப்ட்டுக் கேட்டேன். கொஞ்சம் கூட மறைக்கல, சாலம்மா அக்கா வூட்டுது அத்தன்னா. அக்காவாம். காலனியில மொத வூடு, சாலம்மா, எங்க கழனியில நாத்து நடறவ. அவ இவளுக்கு அக்காவாம். ஓடிப் போயிக் குடுங்கக்கான்னு கேட்டாளாம், எதுக்குன்னு கூடக் கேக்காம அவ தூக்கிக் குடுத்துட்டாளாம். அப்ப சாலம்மா அண்டாவுக்கு இன்னா ஊத்தினான்னு கேட்டேன். வெறும் பானையோட போயி நின்னாளாம். என்னோட நண்டுப் பானைய இடுப்புல வெச்சிக்கினு.

அன்னிக்கித் தல முழுவினேன். மஞ்சத் தண்ணி குடிச்சேன். அந்தப் பானையக் கொல்லையில போட்டு ஒடச்சேன். தேன்மொழி வந்து ஓட்டாஞ்சில்ல எல்லாம் பொறுக்கி எடுத்துக்கினு போனா. பைத்தியம். ஆத்தாளுக்குக் குத்தம் ஆயிடுச்சேன்னு ஒரு வாரம் எனக்குத் தூக்கம் இல்ல. அப்பறம் யோசிச்சிப் பாத்தேன். குத்தம்னா மழ பெஞ்சிருக்குமா? பெய்யாது. ஆத்தா தெரிஞ்சும் பொறுத்துக்கினா. ஏன் பொறுத்துக்கினா? எம் மொகத்துக்காக. இத்தன வருஷம் ஊத்தின கைக்காக. வேற இன்னா காரணம் இருக்க முடியும்?

இதோட முடிஞ்சிருந்தா நான் ஏன் உங்கிட்ட பொலம்பறேன். இந்த வருஷம் ஆடிக்குக் கோயில்ல கூட்டம் போட்டாங்க. காலனிப் பொம்பளைங்க நாலு பேரு வந்து சுவத்துக்கு அந்தாண்ட நின்னாளுங்க. அவங்களுக்குப் பேச எம் மருமவ. ஒரே கொப்பரையா ஊத்தணுமாம். பானைய ஒண்ணா வெச்சிப் படம் போட்டோம், தெருவுல ஒண்ணா நடந்தா இன்னா, கொப்பரை ஒண்ணா இருந்தா இன்னான்னு கேக்கறா. தர்மகர்த்தா மருமவ கேக்கற கேள்வியா இது? எங்க வூட்டுக்காரருக்கு மூஞ்சி செவந்து போச்சி. அந்தக் கூழு ஒரு சொட்டு இந்தக் கொப்பரையில உழுந்தா ஆத்தா ஏத்துக்க மாட்டா, மழ நின்னுடும், ஊருக்கு அம்ம போட்டுடும்னு கத்தினாரு. மூணு சொம்பு குடிச்ச மனுஷன். நான் தலையக் குனிஞ்சிக்கினேன். சிரிப்பு வரலன்னு சொல்ல மாட்டேன்.

கூட்டத்துக்கு முன்னாடியே சமையல்கட்டுல வெச்சி எங்கிட்ட கேட்டுட்டா அவ. "அத்த, நீங்க ஒரு வார்த்த சொன்னா போதும். போன வருஷம் உழுந்திச்சி, ஆத்தா ஏத்துக்கினான்னு. நான் சொன்னா உங்க பேரு கெடும். நீங்களாச் சொன்னா ஊரே உங்களக் கும்புடும்."

எவ்ளோ அழுத்தம் பாரு. தான் சொல்ல மாட்டாளாம், நான் சொல்லணுமாம். சாலம்மாவும் ஒரு வருஷமா மூச்சு உடல. அவளும் அழுத்தக்காரி. ஊரெல்லாம் எங் கூழப் பத்திப் பேசுது, களையெடுக்கறப்ப அவ காதுலயும் உழுவுது, குனிஞ்ச தல நிமிராம களையெடுத்துக்கினு போவா. வேற எவளாச்சியா இருந்தா தண்டோரா போட்டிருப்பா. இவ எதுக்கோ காத்துக்கினு இருக்கறான்னு எனக்கு அப்பவே தெரியும்.

கூட்டத்துல எங்க வூட்டுக்காரரு, பொம்பளைங்க யாராச்சும் பேசறீங்களான்னு கேட்டாரு. எல்லாரும் என்னப் பாத்தாங்க. சாலம்மா சுவத்து மேல கைய வெச்சிக்கினு என்னப் பாத்தா. தேன்மொழி பாத்தா. விருத்தாம்பாவும் பாத்தா. நான் எழுந்து நின்னேன். வாய் வரைக்கும் வந்துச்சி கண்ணு. சத்தியமா வந்துச்சி. ஆனா சொல்லிட்டா மொதப் பானை யாருது? போன வருஷத்து மழ யாருது? காப்பு போடணும்னு சொன்னாரே, அந்த வார்த்த யாருது? எல்லாம் சாலம்மாவுதாப் பூடும். எனக்கு இன்னா மிச்சம்? அடிபிடிச்ச கூழும் நண்டும்தான்.

ஆத்தா எங் கனவுல வந்தான்னேன். மஞ்சப் பொடவ கட்டிக்கினு வந்து, எங் கொப்பரைய மாத்தாதீங்கன்னு சொன்னான்னேன். கூட்டம் அப்பிடியே கையெடுத்துக் கும்புட்டுச்சி. முடிஞ்சி போச்சி.

கனவு வந்துச்சான்னு கேக்கறியா? வராம இன்னா. வந்திருக்கும். காணற கனவு எல்லாமா ஞாபகம் நிக்குது?

தேன்மொழி அப்பயும் உண்மையப் போட்டு ஒடைக்கல. ஒரு சண்ட போட்டிருந்தாக் கூட எனக்கு ஆறியிருக்கும். திருவிழா அன்னிக்கி எங்க வூட்டுலருந்து வெறும் பானைய எடுத்துக்கினு போயி, காலனியிலருந்து கூழ ரொப்பித் தலையில வெச்சிக்கினு, அவங்களோட புங்க மரத்தடியில போயி நின்னா. மரத்தடி அண்டா மேல பசங்க படம் போட்டிருந்துச்சிங்க. அந்த ஒடஞ்ச பானை ஓடு இருக்குது பாரு, அதையெல்லாம் சுத்தி ஒட்டி, நடுவுல ஒரு நண்டு வேற. போட்டோ புடிக்கற கூட்டம் பூராவும் அங்க. ஊர்த்தெருப் பசங்க ஒண்ணு ரெண்டா நழுவி நழுவி அங்க போயி குடிச்சிட்டு, ஒதட்டத் தொடச்சிக்கினு வருதுங்க. எம் மவன் லோகநாதனும்தான். பொண்டாட்டி கையால ஊத்தினா வெஷமும் இனிக்கும் இவனுங்களுக்கு.

நான் மொதப் பானை ஊத்தினேன். இந்த வருஷம் அடுப்ப விட்டு அசையாமக் கிண்டின கூழு. பூசாரி ஒரு வாய் குடிச்சிட்டு சொம்ப வெச்சிட்டாரு. எங்க வூட்டுக்காரரு குடிச்சிட்டு, போன வருஷம் மாதிரி இல்லியே ராசகுமாரின்னாரு. பக்கத்துல நின்ன விருத்தாம்பா, ஆமாண்ணா, கைப்பக்குவம் கொறஞ்சி போச்சின்னா. நாக்கு செத்த ஜனங்க. இன்னா தெரியும் இவங்களுக்கு. மழயும் அன்னிக்கிப் பெய்யல. அது ஆடிக் காத்து, மேகத்த அடிச்சிக்கினு பூடுச்சி.

பெத்த பொண்ணாச்சும் நம்ம பக்கம் இருக்கும்னு பாத்தா அதுவும் இல்ல. போன வருஷம் திருவிழாவுக்கு வந்திருந்தா மேகலா. மசக்க வந்ததுலருந்து, போன வருஷம் நீ ஊத்தினியே அந்தக் கூழுதாம்மா வேணும்ங்கறா. போன வாரம் எடுத்துக்கினு போனேன். ஒரு வாய் வெச்சிட்டு சொம்பத் தள்ளிட்டா. இது இல்லம்மான்னு அழுவுது. கண்ணு உள்ள போயி, கழுத்து எலும்பு தெரியுது கண்ணு. டாக்டரு குளுக்கோஸ் ஏத்தணும்னாரு. பெத்தவ நான் இன்னா பண்ணுவேன்?

யாருக்கும் தெரியாம ஏரிக்கரையச் சுத்திக்கினு இன்னிக்கிக் காலையில சாலம்மா வூட்டுக்குப் போனேன். உள்ள போவல, வாசல்லதான் நின்னேன். பொண்ணுக்கு மசக்கன்னேன். அவ்ளோதான் சொன்னேன். அவளுக்குப் புரிஞ்சி போச்சி. தூக்குச்சட்டியக் கீழ வெச்சேன். மேல இருந்து ஊத்தினா, சட்டியில கை படாம, ஒரு சொட்டு வெளிய சிந்தாம. மொற தெரிஞ்சவ, அத நான் ஒத்துக்கறேன். நான் மூடியப் போட்டுக் கௌம்பறப்பதான் வாயத் தொறந்தா.

"புள்ளத்தாச்சி வயிறு குளுரட்டும்மா. நாளைக்கும் வாங்க, ஊத்தித் தரேன். ஆத்தா மறுபடி உங்க கனவுல வந்தா மட்டும் எங்க வூட்டுப் பக்கமும் ஒரு எட்டு வந்துட்டுப் போவச் சொல்லுங்க."

திமிரப் பாத்தியா? ஒரு சட்டிக் கூழ ஊத்திட்டு சாமியோட பேசற அளவுக்கு வந்துட்டா. எல்லாம் எம் மருமவ குடுக்கற எடம்.  நின்னு பதில் சொல்ல எனக்கு நேரம் இல்ல, பஸ்ஸு வந்துடுச்சி. மேகலாகிட்ட இன்னா சொல்லணுமா? எங்க வூட்டுக் கூழுன்னுதான் சொல்லணும். எஞ் சட்டி, எம் பேரு வெட்டியிருக்குது, வேற எப்பிடிச் சொல்லுவாங்க?

உங்கிட்ட ஏன் சொன்னேன்னு தெரியல. நீ யாரோ, நான் யாரோ. எறங்கினா மறந்துடுவ. மனசுல வெச்சிக்கினே இருந்தா நெஞ்ச அடைக்குது.

ஆமா, மூஞ்சி வாடிக் கெடக்குதே, காலையில ஏதாச்சும் சாப்ட்டியா? இல்லியா? ஆபீசு ஆபீசுன்னு வெறும் வயித்தோட ஓடுறீங்க. இரு, ஒரு வாய் குடி. மேகலா இவ்ளோவும் குடிக்க மாட்டா. டம்ளரு பையிலதான் இருக்குது. நீ குடிச்சிட்டு உண்மையச் சொல்லு, எப்பிடி இருக்குதுன்னு.

பேச்சுல கேக்கவே மறந்துட்டேன், நீ எந்த ஊரு? ஆனமேட்டூரா? நல்லாத் தெரியுமே. எங்க நாத்தனார அங்கதான குடுத்திருந்தது, பெருமா கோயிலு தெருவுல. நீ அங்க எந்தத் தெரு?

காலனியா.

இல்ல, ஒண்ணும் இல்ல. இந்தக் காலத்துல அதெல்லாம் யாரு பாக்கறாங்க. குடுக்கறேன்னு சொன்னா சொன்னதுதான், வார்த்த மாற மாட்டேன் நான். டம்ளரு ஒண்ணுதான் இருக்குது, அது மேகலா குடிக்கறதுக்கு வேணும், புள்ளத்தாச்சி இல்லியா. மூடியிலயும் ஊத்த முடியாது. நீ ரெண்டு கையயும் சேத்துக் குவிச்சி நீட்டு கண்ணு. நான் மேல இருந்து ஊத்தறேன். ஒரு சொட்டு சிந்தாம ஊத்துவேன், பயப்படாத.

இன்னா எழுந்துட்ட? காஞ்சிபுரத்துல ஆபீசுன்னு சொன்னியே. இன்னும் பாலாத்துப் பாலமே வரலியே கண்ணு.